புகைதான் வந்தது, தீ இல்லை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் மைத்துனியும் முழு சௌக்கியம். இரண்டு பேருக்கும் கை கால் எல்லாம் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தீக்காயம் எதுவும் இல்லை. புருவம்கூட முழுசாக இருக்கிறது. அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் முழங்காலும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போன் இப்போது அரிசி டப்பாவுக்குள் புதைந்து கிடக்கிறது. அது நன்றாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் மூன்று கேள்வி கேட்பீர்கள், பின்னாலிருந்து அக்கா நான்காவது கேட்பார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதுவும் தாங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டீர்கள், வழிமுறை காட்டச் சொல்வீர்கள். ஆகவே விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறைக்கு வருகிறேன். விடை: எங்கள் வீடு எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தாங்கள் முழங்கால் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் "கருகுது" என்று ஒரு பெண்குரலும், ஏதோ உருண்டு விழுந்த சத்தமும், என் அலறலும் கேட்டு லைன் கட்டானது உண்மை. அதை வைத்துக்கொண்டு தாங்கள், "சகலை வீட்டுக்குத் தீ வெச்சுட்டாரு" என்று உறவு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டீர்கள். திங்கட்கிழமை யாரோ ஓர் ஒன்றுவிட்ட சித்தி இவளுடைய போனில் கூப்பிட்டு, "மாத்திக் கட்டிக்கப் புடவை இருக்கா, அனுப்பவா?" என்று கேட்டார். இவளும் நிறம் சொல்லிவிட்டாள். அது போகட்டும். அக்கா வந்து தன் தங்கையைக் கையோடு அழைத்துப் போகப்போவதாகச் சேதி வந்திருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவுக்கும் உரக்கப் படித்துக் காட்டவும்.

தங்கள் மைத்துனியின் மூக்கைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் பால் பொங்கியது, எந்த வீட்டில் வெங்காயம் அடிப்பிடித்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள். சிகரெட்டை விட்டுவிட்டதாகத் தாங்கள் அக்காவிடம் சத்தியம் செய்த காலத்தில், ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னவள் இவள்தான். அப்படிப்பட்ட மூக்கு, போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்ததே, அதோடு போய்விட்டது. காய்ச்சல் குணமானது. போகும்போது மூக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாசனைதானே, போனால் போகிறது என்று முதலில் நானும் நினைத்தேன். அப்படி இல்லை, சகலை. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது, "என் மேல வேர்வை நாத்தம் அடிக்குதா, பாருங்க" என்று தினமும் கேட்பாள். இல்லை என்றால் நம்பமாட்டாள், திரும்பப் போய்க் குளிப்பாள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று படுத்தவள் எழுந்து போய்ப் பார்ப்பாள். சாப்பாட்டில் உப்பு, புளிப்பு, உறைப்பு தெரியுமாம், ஆனால் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாதாம். காப்பி என்றால் உயிரை விடுகிறவள், ஒரு நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணில சாயம் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்குங்க" என்று டம்ளரை ஓரமாக வைத்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை. பேச்சும் குறைந்துபோனது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம், தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம்தான் கேட்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு நல்லாத்தான் இருக்கு, வாசனைய மறந்துடுச்சு. பழகின வாசனையா, அழுத்தமா, தினம் காட்டி ஞாபகப்படுத்துங்க" என்றார்.

"எப்ப வரும் டாக்டர்?"

"வரும்போது வரும்."

எனக்கு அந்தப் பதில் உடனே புரிந்தது. காலமெல்லாம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், நடுமாடியில் நின்றுபோன லிப்டுக்கு வெளியே இருந்துகொண்டு உள்ளே இருக்கிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், சோப்பு எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "ம்ஹூம்" தான். அப்போதுதான் காப்பி நினைவுக்கு வந்தது. காப்பித்தூள் கடை இருக்கிற தெருவில் வறுக்கும் நேரத்தில் போனால் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்து இழுக்குமே, அதைவிட அழுத்தமான வாசனை உண்டா? கடைக்குப் போய்ப் பச்சைக் கொட்டை கேட்டேன். கடைக்காரர், "நாங்களே வறுத்துத் தர்றோமே சார், எதுக்குச் சிரமம்?" என்றார். "வறுக்கறப்ப வர்ற வாசனைதாங்க வேணும். கொட்டைய வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குத் தனி கவனிப்பு.

பச்சைக் கொட்டைக்குக் காப்பி வாசனையே கிடையாது, தெரியுமா? கையில் அள்ளினால் நனைந்த வைக்கோல் மாதிரி இருக்கும். இரும்பு வாணலியில் போட்டுக் கிளறினேன். மஞ்சளானது, ரொட்டி வேகிற வாசனை வந்தது, பழுப்பானது, அப்புறம் திடீரென்று பட், பட், பட் என்று சோளம் பொரிகிற மாதிரி வெடித்தது. சகலை, அந்தச் சத்தம் கேட்டதும் என் காது நிமிர்ந்துகொண்டது. மோட்டார் ரூம் கதவுக்கு வெளியே நின்றே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்ன காது அது. வேலை ஓய்ந்த பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லாமல், எங்கள் கட்டட லிப்டில் சும்மா மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தேன். பாவம், வீடு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று சில பேர் என்னைக் கைபிடித்து வாசல்வரை கொண்டுவந்துகூட விட்டார்கள். அந்தக் காதுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. முதல் வெடி ஓய்ந்து கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது வெடி வரும். அது தீக்குச்சி ஒடிகிற மாதிரி சின்னச் சத்தம். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அன்று இரண்டையும் தாண்டி நிறுத்தினேன். பாதிக் கொட்டை கரி, மீதி பச்சை. ஆறுவதற்கு முன் ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடிப்போய் இவள் மூக்கருகில் நீட்டினேன். முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள். "ம்ஹூம்" என்றாள். உள்ளங்கை சுட்டதுதான் மிச்சம்.

முதல் இரண்டு மூன்று தடவை அவளுக்காகத்தான் வறுத்தேன். அதற்கப்புறம் எனக்காகவும் வறுத்தேன் என்பதைத் தங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. கிளறிக் கிளறித் தோள்பட்டை கழன்றுபோனதால், சூடான காற்றில் சோளம் பொரிக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். கொட்டை அதற்குள் தானாகவே சுழன்று வறுபடும். ஆனால் காப்பிக்கொட்டையின் மேல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, சூடு பட்டதும் அது உரிந்து மெஷினின் வாய் வழியாகப் பறக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுத்தேன். கீழ்வீட்டு டான்ஸ் டீச்சர், தன் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்காக வெள்ளை உடுப்புகளைத் துவைத்து வெளியே காயப்போட்டிருந்தார். சற்று நேரத்தில் மேலே வந்து கதவைத் தட்டினார்.

"சார், மேலேருந்து என்ன தூவுறீங்க?"

"காப்பித் தோலுங்க."

"பிள்ளைங்க அன்னப்பறவையா வரணும் சார். இப்ப எல்லாம் தவிட்டுக் குருவி மாதிரி இருக்கு."

கீழே போய் அத்தனை உடுப்பிலும் ஒவ்வொரு சருகாக நானே பொறுக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஜன்னலை மூடிக்கொண்டு வறுத்தேன். மூடினால் கூரையில் இருக்கிற புகைமணி கத்தும். அது கத்தாமலிருக்க, இவளுடைய குளியல் தொப்பியை எடுத்து அதன் தலையில் மாட்டினேன். தொப்பியைத் தேடிக் களைத்துப்போய் தற்செயலாக அண்ணாந்து பார்த்தவள், "அதுக்கு எப்பலேருந்துங்க தலைக்குக் குளிக்கற பழக்கம்?" என்று கேட்டாள். கோபிக்கவில்லை. இதுதான் விசேஷம், சகலை. வீடு முழுக்கப் புகை, திரையில் புகை, தலையணையில் புகை, லிப்டில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள் இரண்டு மாடி முன்னாலேயே இறங்கிவிடுகிறார்கள், இந்த வீட்டில் என்னைத் திட்ட வேண்டிய ஒரே ஆளுக்கு எதுவும் தெரியவில்லை. இப்படி ஒரு சுதந்திரம் எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்? ஆனால் திட்டு வாங்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து தீயணைப்பு வண்டி. அதுவும் தங்கள் காதுக்கு வந்திருக்கும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கறுப்பாக வறுத்தால் வாசனை தூக்கலாக இருக்கும் என்று ஒரு நாள் இரண்டாவது வெடியையும் தாண்டி விட்டுப்பார்த்தேன். கதவிடுக்கு வழியாகப் புகை மாடிப்படியில் இறங்க, டீச்சர் போன் செய்துவிட்டார். தலைக்கவசமும் முட்டிவரை பூட்ஸுமாக நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், அன்றைக்கென்று பார்த்து லிப்ட் வேறு வேலை செய்யவில்லை, எனக்கு அதுதான் பெரிய அவமானம். கதவைத் திறந்தவள் இவள். பின்னால் ஒன்றுமே தெரியாத அளவுக்குப் புகை.

"அம்மா, வெளிய வாங்க. உள்ள தீ."

"தீயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "என்னங்க, இங்க தீயாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவர்களில் பெரியவர் உள்ளே வந்து மெஷினைக் குனிந்து பார்த்தார். "இதுல சோளம்தானே பொரிப்பாங்க?"

"நான் காப்பி வறுக்கிறேன்."

"ஏன் சார், கடையெல்லாம் மூடிட்டாங்களா?"

வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனம் வராமல் எல்லாருக்கும் அந்தக் காப்பியையே போட்டுக் கொடுத்தேன். பெரியவர் ஒரு வாய் குடித்தார். "மெஷினுக்கு அடிக்க வந்த தண்ணிய இதுல அடிச்சிருக்கலாம்" என்றார். இவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். அதற்காக இன்னொரு தடவை வண்டி வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் வறுப்பதை விட்டுவிட்டேன். பால்கனியில் பிளக் கிடையாது. ஹாலிலிருந்து ஒயர் இழுத்து, நீளம் போதாத இடத்தில் இன்னொரு ஒயரை நானே ஜாயிண்ட் போட்டு, சோபாவுக்குப் பின்னால் விட்டுக் கொண்டுபோனேன். மெஷினைச் சுற்றிப் பழைய திரைத்துணியால் கூண்டு மாதிரி கட்டித் தோல் பறக்காமல் செய்தேன். டீச்சரும் சமாதானமாகி, இப்போது மாதத்துக்கு ஒரு காலி டப்பா அனுப்பி நிரப்பி வாங்கிக்கொள்கிறார். வறுத்து முடித்ததும் சூட்டோடு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் இவள் முன்னால் நிற்பேன், இவள் முகர்வாள், "ம்ஹூம்" என்பாள், "சரி, அடுத்த தடவை பாக்கலாம்" என்று நான் சொல்வேன். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டேன். பால்கனியில் மெஷின் ஓடுகிறது. முதல் வெடி முடிந்து நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் தாங்கள் கூப்பிட்டீர்கள். பச்சைத் தைலம் நல்லதா, சிவப்புத் தைலம் நல்லதா என்று கேட்டீர்கள். ஒரு காதில் தைலம், ஒரு காதில் கொட்டை. எனக்கு இருப்பது இரண்டு காது, அதையும் பங்கு போட்டால் எதுதான் சரியாகக் கேட்கும்? இரண்டாவது வெடி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் பால்கனி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, கருகுது."

கல்யாணமான நாளிலிருந்து பழகிய வாய், "ஒண்ணும் கருகலியே" என்று தானாகச் சொல்லிவிட்டது.

"கருகுதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினேன். முழங்கை பட்டு, ஆறவைக்கிற சல்லடை உருண்டு விழுந்தது. தங்களை ஏந்தியிருந்த போன் துணி ஊறவைத்திருந்த வாளிக்குள் போனது. மெஷின் அதற்கு முன்பே தானாக நின்றுபோயிருந்தது, நல்லவேளை, அதை நிறுத்த எனக்குக் கை வந்திருக்காது. "உனக்கு வாசனை வருதா?" என்று நான் கேட்டது தங்களுக்கு அலறலாகக் கேட்டிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "ஆமாங்க" என்றாள். கொட்டை சிதறிக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று அவள் சொல்கிறாள், புகையாகவும் இருக்கலாம்.

அன்று முழுக்க அவளை வீடு பூராவும் அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக நீட்டினேன். கண்ணை மூடச் சொல்லித்தான் நீட்டினேன். சோப்பு என்றாள். எலுமிச்சை என்றாள். ஷூ பாலிஷ் என்றாள், அக்காவின் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. தாங்கள் பரீட்சை வைத்திருந்தாலும் முழு மார்க் கொடுத்திருப்பீர்கள். கடைசியில் என் சட்டைக் காலரை முகர்ந்துவிட்டு, "இத அவுத்துப் போடுங்க, சகிக்கல" என்றாள். எவ்வளவு நாளாகிவிட்டது இப்படி ஒரு வார்த்தை கேட்டு. மறுநாளே சட்டங்கள் வந்துவிட்டன. புகைமணியின் தொப்பி பறிமுதல். திரையெல்லாம் துவைக்க வேண்டும், துவைப்பது நான். வறுத்த கையோடு தலையணையைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சாயங்காலம் நல்ல காப்பியாக ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். முழுசாகக் குடித்தாள். "கொஞ்சம் புளிக்குது" என்றாள். குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள் என்றால் உடம்பு சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஆகவே நடந்தது இவ்வளவுதான். நெருப்பு என்று ஒரு பொறிகூட எழவில்லை. மின்சார வேலையிலேயே தலை நரைத்தவன் வீட்டில் அப்படி நடக்குமா என்று அக்காவிடம் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அழைத்துக்கொண்டு போவதற்கு வேண்டாம், இருந்துவிட்டுப் போவதற்கு இரண்டு பேரும் வாருங்கள். இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். வறுத்த கொட்டைக்குள் காற்று அடைந்திருக்கும், இரண்டொரு நாள் ஆறவிட்டு அரைக்கவும். முழங்காலில் தேய்க்க வேண்டாம், அது குடிப்பதற்கு.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், நல்ல பசியும், படியேறத் தெம்பும், குறை சொல்ல நல்ல நாக்கும் என்றும் அமைய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள இளைய சகலை

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "எழுத்தெல்லாம் சரியா இருக்கு. விஷயம்தான் தப்பு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கருகியது கொட்டை இல்லையாம். சோபாவுக்குப் பின்னால் நான் போட்ட ஜாயிண்டாம். சோபாத் துணியில் ஒரு சாண் எரிந்துகொண்டிருந்ததாம். பிளக்கைப் பிடுங்கி, மடித்துக்கொண்டிருந்த துண்டால் அமுக்கி அணைத்துவிட்டுத்தான் என்னிடம் சொல்ல வந்திருக்கிறாள். மெஷின் நின்றது அதனால்தான். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லத்தான் வந்தேன். நீங்க தரையில உக்காந்து அழுதா, ஒயர்னு எப்படிச் சொல்றது?" என்றாள். சோபாவை நகர்த்திப் பார்த்தேன், உண்மைதான். ஆகவே வீட்டுக்குத் தீ வைத்துவிட்டேன் என்று தாங்கள் சொன்னது சரி. உறவில் யாரிடமும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. வாசனை ஞாயிற்றுக்கிழமை வரவில்லையாம். தீயணைப்புக்காரர்கள் வந்த அன்றே வந்துவிட்டதாம். முதலில் தெரிந்தது என் காப்பியும் இல்லை, அவர்களுடைய பூட்ஸாம், அந்த நாற்றம் தாங்காமல்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாளாம். சிரித்ததும் உண்மை என்று ஒப்புக்கொண்டாள். "அப்புறம் இத்தனை நாளும் எதுக்கு ம்ஹூம், ம்ஹூம்னு சொன்னே?" என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் கைசுட ஏந்திக்கிட்டு ஓடி வருவீங்க. நான் மோந்து முடிக்கற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பீங்க. வருதுன்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்கு வரப்போறீங்க?"

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். இருக்கட்டும், அக்கா படிக்கட்டும் என்றாள். ஒயரை மாற்றிவிட்டேன். இன்று காலை ஒரு ஈடு வறுத்து, பழக்கதோஷத்தில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். "தெரியலையே. இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க" என்றாள்.